ஓய்வு நாட்கள் இரண்டு

சனியும் ஞாயிறும் ஓய்வு நாட்கள் என்று நாட்காட்டி சொல்கின்றது. பலருக்கு அது பொருந்தும். ஆனால், ஐந்து நாள் ஆசிரியராகவும் இரண்டு நாள் மாணவராகவும் வாழ்கின்ற ஒரு சாரார் நம் நாட்டில் இருக்கின்றனர். வெள்ளிக்கிழமை பாடசாலை மணி அடித்ததும் அவர்களுக்கு வேலை முடிவதில்லை. வேறொரு வேலை தொடங்குகின்றது. அவர்களுள் நானும் ஒருத்தியாக இருந்தேன். 2019ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் வந்துபோன ஒரு வார இறுதியைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றேன். அதில் வீரச் செயல் எதுவும் இல்லை. ஒரு பழைய சிறுகதை வெளியான ஆண்டைத் தேடிப் போனேன், கண்டுபிடித்தேன், கண்டுபிடித்ததனாலேயே துன்பமுற்றேன். நடந்தது இவ்வளவே.

அப்பொழுது நான் கிளிநொச்சியில் ஒரு பாடசாலையில் தமிழ் கற்பித்து வந்தேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முதுதத்துவமாணிப் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். 1940களில் ஈழத்துப் பெண்கள் எழுதிய சிறுகதைகளே என் ஆய்வுப் பொருள். கணவருக்கு மன்னாரில் உத்தியோகம். இரு வாரத்துக்கு ஒருமுறை வருவார். அது அவர் வராத வாரம். வீட்டிலே மாமியும், நான்கு வயது மகனும், இரண்டாந் தவணைப் பரீட்சையின் விடைத்தாள்கள் எழுபத்துநான்கும் இருந்தன. திங்கட்கிழமை புள்ளிகளைக் கொடுத்தாகவேண்டும். வெள்ளி இரவு பதினொரு மணிவரை இருந்து இருபது தாள்களைத் திருத்தினேன். மகன் இருமிக்கொண்டே கிடந்தான். "நீ படு பிள்ளை, விடிய எழும்பிப் போகவேணுமெல்லே. அவனை நான் பாக்கிறன்" என்றார் மாமி. ஆராய்ச்சி நூல்களின் முன்னுரையிலே பேராசிரியர்களுக்கும் நூலகர்களுக்கும் நன்றி கூறுவது மரபு. இத்தகைய மாமிமாருக்கு எவரும் நன்றி கூறி நான் கண்டதில்லை.

சனிக்கிழமை அதிகாலை ஐந்தரை மணி பஸ்ஸில் பளைவரையும் நின்றுகொண்டே போனேன். ஆனையிறவைக் கடக்கும்போது கிழக்கு வெளுத்திருந்தது. கடனீரேரியின் அழகைக் கண்டு களிக்கும் நிலையில் நான் இருக்கவில்லை. ஒரு கையால் கம்பியைப் பற்றிக்கொண்டு, மறு கையிற் பிடித்திருந்த என் மூன்றாம் அத்தியாயத்தைக் கடைசி முறையாகப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த அத்தியாயத்தில் எனக்கு ஓரளவு பெருமையும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் திருநெல்வேலியிலே, சேர் பொன். இராமநாதன் 1921ஆம் ஆண்டு நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் வளவில் அமைந்துள்ளது. 1974ஆம் ஆண்டு அது பல்கலைக்கழக வளாகமாகியது. வார நாட்களில் இளைஞர் கூட்டத்தால் நிறைந்திருக்கும் அந்த நடைபாதைகளிலே, சனிக்கிழமைகளிற் பெரும்பாலும் என்னைப் போன்றோரையே காணலாம்: நரை எட்டிப் பார்க்கும் ஆசிரியர்கள், கைப்பையிற் பால் போத்தலுடன் வரும் தாய்மார், பஸ்ஸிலே உறங்கி எழுந்த முகங்கள்.

என் மேற்பார்வையாளர் அத்தியாயத்தை முன்னரே படித்திருந்தார். குறை கூறவில்லை, ஓரிடத்தில் விரலை வைத்து, "இந்த 1945 எங்கையிருந்து வந்தது?" என்று கேட்டார்.

"கதைத் தொகுப்பின்ரை அடிக்குறிப்பிலை இருந்து, ஐயா."

"தொகுத்தவர் எங்கையிருந்து எடுத்தவர்?"

"தெரியாது, ஐயா."

"மூலத்தைக் கண்ணாலை பாத்தனீரோ?"

"இல்லை, ஐயா."

அவர் கோபிக்கவில்லை. தாள்களை ஒழுங்காக அடுக்கி என்னிடம் நீட்டினார். "பாத்துப்போட்டு வாரும்" என்றார்.

அந்த ஓர் ஆண்டிலே என்ன இருக்கின்றது என்று வாசகர் வினவலாம். என் அத்தியாயம் முழுவதும் அதன்மேலேயே நின்றது. வரதர் முதலியோர் யாழ்ப்பாணத்திலிருந்து 'மறுமலர்ச்சி' என்னும் சஞ்சிகையை வெளியிடத் தொடங்கியது 1946ஆம் ஆண்டில். ஈழத்துச் சிறுகதை வரலாற்றிலே அதனை ஒரு திருப்பமாகக் கொள்வது வழக்கம். நான் ஆராய்ந்த கதையோ, புனைபெயருக்குள் மறைந்திருந்த ஒரு பெண் எழுதியது. விதவை ஒருத்தியின் மனத்தை அவளது பேச்சுமொழியிலேயே சொல்வது. அது 1945இல் வெளியானதாயின், மறுமலர்ச்சியாளருக்குரியது எனக் கருதப்படும் புதுமையை அவர்களது சஞ்சிகை தோன்றுமுன்னரே ஒரு பெண் செய்து காட்டிவிட்டாள் என்று வாதிக்கலாம். நானும் அப்படியே இருபத்திரண்டு பக்கங்களில் வாதித்திருந்தேன்.

மூலத்தைப் பார்ப்பது நம் நாட்டில் எளிய காரியமன்று. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. எஞ்சியவற்றுட் பலவற்றைப் போரும் இடப்பெயர்வும் கொண்டுபோயின. 1930 முதல் 1958 வரை வெளிவந்த 'ஈழகேசரி' போன்ற ஏடுகளைத் தேடுவோர் இன்றும் ஓரிதழ் இங்கும் ஓரிதழ் அங்குமாகப் பொறுக்கவேண்டியுள்ளது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் மின்னூலகம் இவ்வகையிற் பெரும்பணி ஆற்றியுள்ளது. ஆயினும் வீட்டுப் பெட்டகங்களுள் உறங்குவன இன்னும் உள. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடு தேடி அலைந்து 1887இல் கலித்தொகையை அச்சிற் கொணர்ந்தார். அவர் ஓலையைத் தேடினார். நாம் கடதாசியைத் தேடுகின்றோம். இரண்டையும் தின்னும் பூச்சிகளுக்கு வேற்றுமை தெரியாது.

நெல்லியடிக்கு அணித்தாயுள்ள ஒரு வீட்டிலே, காலஞ்சென்ற ஆசிரியர் ஒருவர் இளமையில் வெட்டி ஒட்டிவைத்த பத்திரிகைத் துண்டுகள் இருப்பதாக ஒரு தோழி கூறியிருந்தாள். நண்பகல் பஸ்ஸில் அங்கே புறப்பட்டேன். வல்லைவெளியிலே சோளகக் காற்று வண்டியின் ஒருபுறமாக வந்து புழுதியை முகத்தில் எறிந்தது. ஆசிரியரின் மனைவியாருக்கு எண்பது வயதுக்கு மேலிருக்கும். நான் வந்த காரியத்தைச் சொல்லத் தொடங்குமுன், "களைச்சுப்போனாய் மோனை, முதலிலை இதைக் குடி" என்று ஒரு கிண்ணத்தை நீட்டினார். பனங்கட்டியும் தேங்காய்ச் சொட்டும் இட்ட ஆடிக்கூழ். காலையிலிருந்து நான் உண்ட முதல் உணவு அதுவே.

கொப்பி தகரப் பெட்டியிலே காணி உறுதிகளுடன் இருந்தது. 1987ஆம் ஆண்டு வைகாசியில் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை நடந்தபோது, வேறெதையும் எடுக்காமல் அந்தப் பெட்டியை மட்டும் தலையில் வைத்துக்கொண்டு நடந்ததாக அம்மையார் கூறினார். நாற்பதாம் பக்கம் அளவில் என் கதை இருந்தது. ஆனால், பத்திரிகையின் பெயரோ திகதியோ இல்லை. வெட்டியவர் கதையை மட்டும் வெட்டியிருந்தார்.

துண்டின் நான்கு மூலைகளிலும் மட்டுமே பசை பூசப்பட்டிருந்தது. அதைக் கண்டதும் ஒரு யோசனை பிறந்தது. அம்மையாரின் அனுமதியுடன், கைத்தொலைபேசியின் விளக்கை மெல்ல இடைவெளியிற் பிடித்தேன். மறுபக்கத்து எழுத்துக்கள் கண்ணாடியிற் போல இடம் வலமாய்த் தெரிந்தன. தோழியின் தொலைபேசியையும் அன்று இரவல் கொண்டு வந்திருந்தேன். அதனாற் படமெடுத்து, படத்தைத் திருப்பிப் பார்த்தேன். அது தேர்தற் செய்தி. 'பிரதிநிதிகள் சபை' என்னும் சொற்கள் தெளிவாயிருந்தன. கீழே, தமிழ்க் காங்கிரசின் வெற்றி என்பதன்கீழ் ஜீ. ஜீ. பொன்னம்பலம், செல்வநாயகம் ஆகிய இருவர் பெயர்களும் ஒருங்கே காணப்பட்டன.

அதற்குமேல் ஆராய ஒன்றுமில்லை. பிரதிநிதிகள் சபைக்கு முதலாவது தேர்தல் நடந்தது 1947ஆம் ஆண்டு ஆவணி, புரட்டாதி மாதங்களில். அதற்கு முன்னர் இருந்தது அரசாங்க சபை. அடுத்த தேர்தல் 1952இல். அதற்குள் செல்வநாயகம் காங்கிரசைவிட்டு நீங்கி 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கிவிட்டார். இருவரும் ஒரே கட்சியில் வென்றது 1947இல் மட்டுமே. ஆகவே அந்தத் தாள் 1947இல் அச்சானது. மறுமலர்ச்சி தொடங்கி ஓராண்டுக்குப் பின்னர்.

"என்ன மோனை, நல்ல செய்தியோ?" என்றார் அம்மையார்.

"ஓம் அம்மா, ஆண்டு கிடைச்சிட்டுது."

"பிறகேன் முகம் வாடிக் கிடக்கு?"

நெல்லியடியிலிருந்து கொடிகாமம்; கொடிகாமத்தில் ஒரு மணி நேரம் காத்திருந்து கிளிநொச்சி பஸ். வீட்டுக்கு வர இரவு எட்டரை. மகன் உறங்கிவிட்டான். வழிநெடுக ஓர் எண்ணம் என்னோடு வந்தது. அந்தத் துண்டின் மறுபக்கத்தை என்னையன்றி ஒருவரும் பார்த்ததில்லை. இனியும் பார்க்கப் போவதில்லை. மேலும், கதை 1945இல் வேறோரிடத்தில் வெளிவந்து, 1947இல் மறுபிரசுரமாகியிருக்கலாம் அல்லவா? அது நடவாததென்று யார் நிறுவ முடியும்? களைத்த மனம் பொய் சொல்லும்படி நம்மைத் தூண்டுவதில்லை. அது அறிவாளியைப் போல நியாயம் பேசுகின்றது.

ஞாயிறு பொழுது எப்படிக் கழிந்ததென்று விரித்துரைக்க வேண்டியதில்லை. மகனை வைத்தியரிடம் கொண்டுபோனேன். உடுப்புத் தோய்த்தேன். ஐம்பத்துநான்கு விடைத்தாள்களையும் திருத்தி முடித்தேன். இரவு பத்து மணிக்குப் பிறகே அத்தியாயத்தை விரித்தேன். அப்பொழுது ஒன்று புலனாயிற்று. 1945க்கு என்னிடம் இருந்த ஆதாரம் ஓர் அடிக்குறிப்பு. 1947க்கு இருந்ததோ நானே கண்ட அச்சுத் தாள். மறுபிரசுரம் என்பதற்கு ஒரு சான்றேனும் இல்லை. அது என் விருப்பம் மட்டுமே. விருப்பத்தை அடிக்குறிப்பில் ஐயமாகக் குறிக்கலாம். அதன்மேல் அத்தியாயம் கட்டலாகாது. இருபத்திரண்டு பக்கங்களிற் பதினான்கை நீக்கினேன். எஞ்சிய எட்டிலும் கதை கதையாகவே நின்றது. முதல்வி என்ற பட்டம் போனதால் அந்த விதவையின் குரல் சிறிதும் குன்றிவிடவில்லை. இதனை நான் முன்னரே உணர்ந்திருக்கவேண்டும்.

திங்கட்கிழமை விடைத்தாள்களைக் கொடுத்தபோது, பின்வாங்கிலிருந்து ஒரு சிறுமி எழுந்து வந்தாள். "ரீச்சர், எனக்கு நாலு புள்ளி கூடப் போட்டிருக்கிறியள்" என்று தாளை நீட்டினாள். கூட்டிப் பார்த்தேன். ஞாயிறு மாலை திருத்திய தாள், கூட்டல் பிழைதான். அறுபத்தெட்டை அறுபத்துநான்காக்கிக் கையொப்பமிட்டேன். அவள் தன் இடத்துக்குப் போய் அமர்ந்துவிட்டாள்.

1945 என்று முதன்முதலில் எழுதிய அந்தத் தொகுப்பாளர்மேல் இரண்டு நாளாக எனக்கிருந்த மனத்தாங்கல் அந்தக் கணமே நீங்கியது. அவரும் எங்கோ ஓர் ஆசிரியராக இருந்திருப்பார். அவருக்கும் அது ஒரு ஞாயிறு இரவாக இருந்திருக்கும். பிழையைக் காட்டுவதற்கு அவரிடம் ஒரு சிறுமி வரவில்லை.