ஊசி மருந்தும் அளவறிதலும்

1983ஆம் வருஷம் லாஸ் வேகஸ் நகரில் கூடிய சிறுநீரியல் வைத்தியர்களின் சபைக்கு வந்த ஜைல்ஸ் பிரிண்ட்லி என்னும் ஆங்கிலேயப் பேராசிரியர், ஹோட்டல் அறையிலேயே தம் ஆண்குறியில் மருந்தை ஊசியால் செலுத்திக்கொண்டு மேடையேறி, அதன் பலனைச் சபையோருக்குப் பிரத்தியட்சமாகவே காட்டிவிட்டார். சபா மரியாதையைப் பற்றிக் கேட்பவர்கள் கேட்கட்டும். பெரும்பாலும் மனோவியாதி என்றே ஒதுக்கப்பட்டு வந்த விறைப்புக் குறைபாட்டை மருந்தினால் நேரே மாற்றலாம் என்பதை, முந்திய ஆண்டு பாரிஸில் ரொனால்ட் விராக் என்னும் வைத்தியர் பாப்பாவெரின் என்ற மருந்தைக் கொண்டு கண்டதும் பிரிண்ட்லியின் துணிச்சலும் சேர்ந்தே வைத்திய உலகுக்கு உணர்த்தின.

1995இல் அமெரிக்க அரசின் அங்கீகாரம் பெற்ற ஆல்ப்ரோஸ்டடில் இன்று இம்முறையில் பிரதானமான மருந்து. ஆண்குறியின் உள்ளிருக்கும் தசைகளைத் தளர்த்தி ரத்தத்தை நிறையச் செய்யும் இம்மருந்து நரம்பின் ஆணையை எதிர்பார்ப்பதில்லை. ஆகையால் புராஸ்டேட் அறுவைக்குப் பின் நரம்பு சேதமுற்று, மாத்திரைகள் பலிக்காமற்போனவர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

பலரும் அஞ்சுவது ஊசியை. அஞ்ச வேண்டியதோ அளவை. ஒருவருக்குப் போதாத அளவு மற்றொருவருக்கு மிகையாகிவிடும் என்பதால், முதல் ஊசியை வைத்தியரின் முன்னிலையில், பெரும்பாலும் 2.5 மைக்ரோகிராமில், தண்டுவடம் பழுதுற்றவர்க்கு அதனினும் குறைவாகத் தொடங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு நீடிக்காத அளவைப் படிப்படியாகக் கண்டறிய வேண்டும். அப்படிக் கண்ட அளவை வீட்டில் தாமாகக் கூட்டுவதும், ‘பலிக்கவில்லையே’ என்று அன்றே இரண்டாம் ஊசி போடுவதும் விபரீதம். வாரத்தில் மூன்று முறைக்கு மேல் கூடாது. இரண்டுக்கும் இடையே ஒரு முழு நாளாவது கழிய வேண்டும்.

ஆண்குறியின் அடிப்பகுதியை ஒட்டிய பாகத்தில், மேலும் கீழும் விலக்கிப் பக்கவாட்டிலேயே, கண்ணுக்குத் தெரியும் நாளங்களைத் தவிர்த்து ஊசி போட்டு, சில நிமிஷங்கள் அழுத்திப் பிடிக்க வேண்டும். ரத்தம் உறையாதிருக்க மருந்துண்பவர்கள் இன்னும் சற்று நேரம். ஒரே இடத்தில் குத்தினால் தழும்பு தடிக்கும். ஆகவே பக்கத்தை மாற்றிக்கொள்வதும், ஒவ்வொரு முறையும் புது ஊசியைக் கையாள்வதும் அவசியம். அரிவாள் செல் சோகை, லுகேமியா போன்ற ரத்த வியாதியுள்ளவர்களுக்கு இம்மருந்து ஆகாது.

நான்கு மணி நேரம் கடந்தும் விறைப்பு தணியாவிட்டால் திசுக்கள் பிராணவாயுவின்றி அழியத் தொடங்கும். அப்போது வெட்கத்தினால் விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு விரைந்து, எந்த மருந்தை, எவ்வளவு, எத்தனை மணிக்குப் போட்டுக்கொண்டோம் என்பதைச் சொல்லிவிட்டால், தேங்கிய ரத்தத்தை வடித்தெடுத்தோ மாற்று மருந்து செலுத்தியோ வைத்தியர் அதைத் தணிக்க முடியும்.