கரிசல் மண்ணுக்கு ஒரு நாடக அரங்கு

ஒரு நாடக அரங்கின் தரத்தை முகப்பின் அழகைக் கொண்டு அளக்கக் கூடாது. கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கு நடிகரின் குரல் கேட்கிறதா, முகபாவம் தெரிகிறதா என்பதே உரைகல். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் இந்தப் பொறுப்பு பெரும்பாலும் கட்டடக் கலைஞரையே சார்ந்திருந்தது. அதை இந்தியாவில் ஏற்றவர்களுள் ஒருவர் ஹென்றி இர்வின்.

1841-இல் பிறந்த இர்வின், அயர்லாந்துக்காரர். பொதுப்பணித் துறையில் பணியாற்றியபோது சிம்லாவில் வைஸ்ராய் மாளிகையை வடிவமைத்தார். அதே நகரில் 1887-இல் திறக்கப்பட்ட கெயிட்டி அரங்கும் அவருடையதே. பின்னர் சென்னை மாகாண அரசின் ஆலோசகக் கட்டடக் கலைஞரானார். 1892-இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றக் கட்டடத்தை நிறைவு செய்தார்; மைசூர் அரண்மனையை வடிவமைத்தார். எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் 1896-இல் உருவான கன்னிமாரா நூலகமும் அருங்காட்சியக அரங்கும் அவர் படைப்புகள்.

மாளிகைகளால் புகழ்பெற்ற அவரது இவ்விரு அரங்குகளும் அளவில் சிறியவை. இருக்கைகள் மேடையை நோக்கி வளைந்து அமைந்தவை. இந்த அமைப்புக்குக் காரணம் உண்டு. நீண்ட கூடத்தைவிட வளைந்த அரங்கில் கடைசி இருக்கை மேடைக்கு அருகில் அமைகிறது. இருக்கைகள் படிப்படியாக உயர்ந்தால் முன்னிருப்பவர் தலை மறைக்காது. குரலும் முன்வரிசையினரின் உடல்களில் பட்டு மங்காமல் பின்வரிசையை எட்டும்.

ஆனால், மண்ணும் மலையும் கலைஞரின் வரைபடத்துக்கு எப்போதும் கட்டுப்படுவதில்லை. கெயிட்டி அரங்கைத் தாங்கிய கட்டடத்தின் மேல்தளங்கள் உறுதி குன்றியதால் பின்னாளில் இடித்து அகற்றப்பட்டன. அரங்கு தப்பியது, இன்றும் அங்கே நாடகம் நடக்கிறது.

இந்தப் பாடம் இடைசெவலுக்கும் கோவில்பட்டிக்கும் நன்றாகவே பொருந்தும். கரிசல் மண் மழையில் நீரை உறிஞ்சி உப்பும். கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். ஆழமில்லாத அடித்தளத்தின் மீது எழும் சுவர் இந்த அசைவில் விரிசல் காண்பது இயல்பு. ஈரப்பதம் மாறாத ஆழம் வரை துளையிட்டு, அடிப்பகுதியைக் குமிழ்போல் அகலப்படுத்திக் கான்கிரீட் நிரப்பும் முறை இதற்குத் தீர்வாக உள்ளது. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இம்முறையை வளர்த்தெடுத்தது. எனவே, மண்ணைக் காரணம் காட்டி அரங்கு கட்ட முடியாது என்று இன்று சொல்வதற்கில்லை.

இந்த வட்டாரத்துக்கு அரங்கு கேட்கும் உரிமையும் உண்டு. தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியராகப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1867-இல் தூத்துக்குடிப் பகுதியில் பிறந்தவர். மதுரையில் 1918-இல் சிறுவர் நாடகக் குழுவை அமைத்து நடிகர்களை உருவாக்கியவர். அவரும் இர்வினும் மறைந்தது ஒரே ஆண்டில், 1922-இல். அதற்கு அடுத்த ஆண்டு இடைசெவலில் பிறந்தவர்கள் கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும், இருவரும் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்கள். நாகஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் வாழ்ந்த ஊர் கோவில்பட்டி.

கி.ரா.வுக்குக் கோவில்பட்டியில் அரசு நினைவரங்கம் அமைத்திருப்பது பாராட்டுக்குரியது. எழுத்தாளரை நினைவுகூர நினைவரங்கம் போதும். நிகழ்த்துகலை தொடர்வதற்கு மேடை வேண்டும். நம் சிற்றூர்களில் அந்தக் குறையைத் திருமண மண்டபங்களே நிரப்புகின்றன. சமதளத் தரை, எதிரொலிக்கும் வெற்றுச் சுவர்கள், நாற்காலிகள் இரையும் ஓசை ஆகியவற்றுக்கிடையே நாடகக் கலைஞர் ஒலிவாங்கியை விட்டு நகர முடிவதில்லை. அவர் நடிப்பில் பாதி அங்கேயே முடங்கிவிடுகிறது.

கோடிகளைக் கொட்டும் பிரம்மாண்ட மாளிகை தேவையில்லை. முந்நூறு பேர் அமரும் வளைந்த சிறிய அரங்கு போதும். முகப்பை வரைவதற்கு முன் மண்ணைச் சோதிக்க வேண்டும். வடிவமைப்புக்கு முன் நாடகக் கலைஞர்களைக் கலந்து பேச வேண்டும். பணி முடிந்ததும், ஒலிவாங்கி இல்லாமல் ஒருவரை மேடையில் பேசச் செய்து, கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டுப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு திறப்பு விழா நடத்தலாம்.