ஒருசந்தியும் லித்தியம் மாத்திரையும்



“சாமி, மகன் இப்போ நல்லாயிருக்கான். தவக்காலத்துக்கு மாத்திரையை நிறுத்திட்டு ஒருசந்தி இருக்கட்டுமா?” என்று கல்வராயன் மலைத் தாய் ஒருவர் கேட்டார். மகனுக்கு பைபோலார் மனநோய்: சில வாரம் உறங்காத உற்சாகம், பிறகு எழ மனமில்லாத சோர்வு. பேயல்ல.

அவன் நலமாயிருப்பதே மாத்திரையால்தான். திடீரென நிறுத்தினால் நோய் திரும்பும்.

இந்நோய்க்குப் பலருக்கும் தரப்படும் லித்தியம் ஓர் உப்பு. 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் அதன் பயனை வெளியிட்டார். மாத்திரையைத் தொடர்ந்து கொண்டே பட்டினி கிடந்தாலும் ஆபத்துதான். உடலில் தண்ணீரும் சோற்றுப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிவிடும். கைநடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் வரும். வெயிலில் மரவள்ளி பிடுங்குவோரும் கவனிக்கவேண்டும். வாந்திபேதி என்றால் அடுத்த மாத்திரைக்குமுன் மருத்துவரைக் கேளுங்கள். இரத்தத்தில் லித்தியம் அளவையும் அவர் சொல்லும்போது பாருங்கள்.

நோயாளியைத் திருச்சபையின் நோன்புச் சட்டம் கட்டாது. ஒறுத்தல் வேண்டுமானால், வீட்டில் ஒருவர் ஒருநாள் கூலியை விட்டு அவனோடு கள்ளக்குறிச்சி மருத்துவமனைக்கு வரட்டும்.