ஒரு வைரஸ் ஜீனும் இரு மருந்துகளும்

மனிதரைப் பீடிக்கும் ஹெர்பிஸ் வைரஸ்கள் ஒன்பது. அவற்றுள் ஒன்றான சைட்டோமெகலோ வைரஸ், நம் நாட்டில் வயது வந்தோருள் மிகப் பெரும்பாலோரின் உடலில் குடிகொண்டுள்ளது. அவர்கள் அதனை அறிவதேயில்லை. ஆனால் சிறுநீரகம் மாற்றப் பெற்றவர்களைப் போல் நோய் எதிர்ப்புச் சக்தி மருந்துகளால் குறைக்கப்பட்டவரிடம் அது நுரையீரலையும் குடலையும் தாக்கக்கூடும். கருவிலுள்ள சிசுவைத் தொற்றினால் செவிப்புலனைக் கெடுத்துவிடுவதும் உண்டு.

இவ்வைரஸின் டி.என்.ஏ.யில் சுமார் 2,35,000 கார ஜோடிகள் உள்ளன. அதில் அமைந்த ஜீன்களுள் யு.எல்.97 என்பது தனிக் கவனத்திற்குரியது. 707 அமினோ அமிலங்கள் கொண்ட ஓர் என்ஸைமை அது உருவாக்குகிறது. பிற புரோட்டீன்களின் மீது பாஸ்பேட்டை ஏற்றுவது அதன் தொழில். உயிரணுக் கருவின் உட்சுவரைத் தளர்த்தி, புதிய வைரஸ் துகள்கள் வெளியேற வழி செய்வதும் அத்தொழிலின் ஒரு பகுதியே. இதற்கு இணையான ஜீன் ஒன்பது வைரஸ்களிலும் உள்ளது. இவை மிக நெடுங்காலத்திற்கு முன்னரே கிளை பிரிந்தவை. அத்தனை காலமும் ஒரு ஜீன் எஞ்சி நிற்குமாயின், அதனை இழந்தவை நிலைக்கவில்லை என்றே கொள்ளல் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் இந்த ஜீனை நீக்கிப் பார்த்தபோது வைரஸ் மடியவில்லை. எனினும் அதன் பெருக்கம் பன்மடங்கு குறைந்தது.

ஜீன் இருத்தல் வேறு, வெளிப்படுதல் வேறு. அதிலுள்ள செய்தி புரோட்டீனாக உருவெடுப்பதையே வெளிப்பாடு என்கிறோம். ஹெர்பிஸ் ஜீன்கள் உடனடி, முந்திய, பிந்திய என்ற முறை வரிசையில் வெளிப்படுகின்றன. வைரஸ் உறங்கும் காலத்திலோ அவற்றுள் பெரும்பாலானவை வாய் திறப்பதில்லை.

கான்சிக்ளோவிர் என்னும் மருந்தின் வரலாறு இங்குதான் தொடங்குகிறது. இம்மருந்து தன்னளவில் செயலற்றது. மூன்று பாஸ்பேட்டுகள் சேர்ந்த பின்னரே வைரஸின் டி.என்.ஏ. உற்பத்தியை அது தடுக்கும். பின் இரண்டை நம் உயிரணுக்களே சேர்த்துவிடும். முதலாவதைச் சேர்ப்பது யு.எல்.97 என்ஸைம் என்பது 1992-ல் தெளிவாயிற்று. அதாவது, வைரஸ் தன்னைக் கொல்லும் நஞ்சைத் தானே தயாரித்துக் கொள்கிறது! இதன் மறுபக்கமும் உண்டு. ஜீன் வெளிப்படாத இடத்தில் மருந்தும் வேலை செய்யாது. எனவே உறங்கும் வைரஸை அது தீண்டுவதில்லை. மருந்தை நிறுத்திய பின் நோய் மீண்டும் தலைதூக்கக்கூடும்.

ஜீன் காக்கப்படுகிறது என்பதால் அது மாறுவதேயில்லை என்று கருதலாகாது. நெடுநாள் மருந்துண்டோரிடம் என்ஸைமின் 460, 520 ஆகிய இடங்களிலும், 590 முதல் 607 வரையுள்ள பகுதியிலும் மாறுதல்கள் தோன்றுகின்றன. இவ்வாறு மாறிய என்ஸைம் மருந்தின் மீது பாஸ்பேட்டைச் சரிவர ஏற்றுவதில்லை; தன் சொந்த வேலையை மட்டும் வழுவாது செய்கிறது.

அமெரிக்காவில் 2021-ல் அனுமதி பெற்ற மாரிபாவிர் வேறு வழியில் செல்கிறது. அவ்வேலையையே அது முடக்குகிறது. ஆயின் என்ஸைம் முடங்கினால் கான்சிக்ளோவிரும் செயல் பெறாது. ஆகவே இரண்டையும் சேர்த்துக் கொடுத்தல் பயன் தராது. தவிர, 480-ஆம் இடத்தில் நேரும் ஒரு மாறுதல் மாரிபாவிரைப் பெரிதும், கான்சிக்ளோவிரை ஓரளவும் வலுவிழக்கச் செய்கிறது. மருந்து பலிக்காதபோது வைரஸின் ஜீன் வரிசையைச் சோதிப்பது இதன் பொருட்டே. இந்த என்ஸைமின் துணை வேண்டாத பாஸ்கார்நெட் என்னும் மருந்தும் உண்டு. ஆனால் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கு அது சிறு விஷயமன்று.