எந்த மகிழுந்து நினைவில் நிற்கும்?

தில்லி, கொல்கத்தா போன்ற நகரங்களில் பழைய மகிழுந்துகளின் பேரணி நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. மன்னர்கள் பயன்படுத்திய பெரிய வண்டிகள் பளபளவென்று வரிசையில் நிற்கும். அவற்றைச் சுற்றியே கூட்டம் மிகுதியாகக் கூடும். ஆயினும், பழையது என்பதாலோ விலை மிக்கது என்பதாலோ ஒரு மகிழுந்து வடிவமைப்பில் சிறந்ததாகிவிடாது. வடிவமைப்பு என்பது வெளித்தோற்றம் மட்டும் அன்று. எந்திரத்தை எங்கே வைப்பது, இருக்கையை எவ்வளவு உயரத்தில் அமைப்பது, எதைச் சேர்ப்பது, எதை விட்டுவிடுவது என்னும் முடிவுகள் அனைத்தும் வடிவமைப்பே ஆகும்.

ஒரு மகிழுந்தின் சிறப்பை அளக்க மூன்று வினாக்கள் துணை செய்யும். அது யாருடைய தேவைக்காகப் பிறந்தது? அத்தேவைக்குப் புதிய விடை ஒன்றைத் தந்ததா? அது நெடுங்காலம் நீடித்திருந்தால், அதற்குக் காரணம் அதன் சிறப்பா, மக்களுக்கு வேறு வழியில்லாமையா?

பிரான்சு நாட்டின் சித்ரோயன் நிறுவனம் 1930களில் உழவர்களுக்காக ஒரு வண்டியை உருவாக்க முனைந்தது. அக்காலத்தில் அந்நாட்டுச் சிற்றூர்களில் குதிரை வண்டிகளே மிகுதி. நான்கு பேரும் ஐம்பது கிலோ விளைபொருளும் செல்ல வேண்டும்; உழுத நிலத்தின் வழியே சென்றாலும் கூடையிலுள்ள முட்டைகள் உடையக் கூடாது; விலையும் குறைவாக இருக்க வேண்டும். நிறுவனத் துணைத்தலைவர் பியேர் பூலான்ழே விதித்த நிபந்தனைகள் இவை. இரண்டாம் உலகப் போர் குறுக்கிட்டதால், 1948ஆம் ஆண்டில்தான் 2சிவி என்னும் அவ்வண்டி பாரிசு நகரக் கண்காட்சியில் மக்கள் முன் வைக்கப்பட்டது.

அதன் எந்திரம் 375 கன செ.மீ. அளவே உடையது. அதைக் குளிர்விக்கத் தண்ணீர் தேவையில்லை, காற்றே போதும். மேற்கூரை சுருட்டி வைக்கத்தக்க துணியால் ஆனது. இருக்கைகளைக் கழற்றிவிட்டால் பெரிய மூட்டைகளையும் ஏற்றலாம். ஒவ்வொரு பக்கத்திலும் முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் கிடைமட்டச் சுருள்வில் அமைப்பு இணைத்தது. அதனால் மேடுபள்ளங்களின் அதிர்ச்சி உள்ளே இருப்போரை அவ்வளவாகத் தாக்கவில்லை. இதன் தோற்றத்தைக் கண்டு இதழாளர்கள் நகைத்தனர். வேறு சிறிய வண்டிகள் சந்தையில் இருந்தபோதிலும், மக்களோ இதற்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கினர். 1990 வரை இதன் உற்பத்தி நீடித்தது.

இங்கிலாந்தில் பிறந்த மினியின் கதை வேறு. 1956ஆம் ஆண்டு சூயசு கால்வாய்ச் சிக்கலால் அந்நாட்டில் எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டது; பெட்ரோல் பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டது. குறைந்த எரிபொருளில் ஓடும் சிறிய வண்டி, ஆனால் நால்வர் வசதியாக அமரத்தக்க வண்டி தேவைப்பட்டது. நீளத்தைக் குறைத்தால் இடம் குறையுமே! இச்சிக்கலுக்கு அலெக் இசிகோனிசு என்னும் பொறியாளர் விடை கண்டார்.

அதுவரை பெரும்பாலான மகிழுந்துகளில் எந்திரம் முன்னிருந்து பின்னாக, நீளவாக்கில் வைக்கப்பட்டது. அவர் அதைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர்ப்பெட்டியை எந்திரத்தின் அடியிலேயே பொருத்தினார். முன் சக்கரங்களே வண்டியை இழுத்துச் செல்லுமாறு செய்தார். சக்கரங்களையும் சிறியனவாக்கி நான்கு மூலைகளுக்குத் தள்ளினார். 1959இல் வெளிவந்த மினியின் நீளம் ஏறத்தாழ மூன்று மீட்டர்தான். எனினும், அதன் தரைப்பரப்பில் ஏறக்குறைய 80 விழுக்காடு பயணிகளுக்கும் பொருள்களுக்கும் கிடைத்தது. தொடக்ககால வண்டிகளுக்குள் மழைநீர் கசிந்தது உண்மையே. அக்குறை பின்னர்க் களையப்பட்டது. குறுக்கு எந்திரம் என்னும் கருத்தோ உலகெங்கும் பரவியது. 1983இல் இந்தியச் சாலைகளுக்கு வந்த மாருதி 800இன் எந்திரமும் குறுக்காகவே அமைந்திருந்தது.

இனி, இந்தியர் நன்கறிந்த அம்பாசிடரைக் காண்போம். இங்கிலாந்தின் மாரிசு ஆக்சுபோர்டு என்னும் வண்டியின் வடிவத்தைப் பெற்று, மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950களின் இறுதியில் இதை உருவாக்கத் தொடங்கியது. 2014 வரை, அரை நூற்றாண்டுக்கும் மேலாக, இது உற்பத்தி செய்யப்பட்டது. எந்திரம் சிலமுறை மாறியது. உடலமைப்பு பெரிதும் மாறவில்லை. அமைச்சர்களின் வெள்ளை வண்டியாகவும் கொல்கத்தாவின் மஞ்சள் வாடகை வண்டியாகவும் விளங்கியது இதுவே.

நீடித்த காலத்தை மட்டும் எண்ணினால் அம்பாசிடர் மற்ற இரண்டையும் வென்றுவிடும். ஆனால், அக்காலத்தில் உரிமக் கட்டுப்பாடும் இறக்குமதித் தடையும் இருந்தன. மும்பையில் உருவான பிரீமியர் பத்மினி, சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற மிகச் சிலவே மாற்றாக இருந்தன. மாருதி வந்ததும் குடும்பங்கள் பல அம்பாசிடரைக் கைவிட்டன. எனவே, அதன் நீண்ட வாழ்வின் ஒரு பகுதி வேறு வழியின்மையால் வந்தது.

ஆயினும், வேறு வண்டிகள் வந்த பின்னரும் வாடகை வண்டி ஓட்டுநர் பலர் அதை விடவில்லை. உயர்ந்த கூரை, அகன்ற பின்னிருக்கை, பழுதான சாலையைத் தாங்கும் உறுதி, தெருவோரப் பட்டறையிலும் பழுதுபார்க்கத்தக்க எளிமை ஆகியவையே காரணம். உரிமை கிடைத்த பின்னும் ஒருவர் விரும்பித் தேர்ந்தெடுப்பதே ஒரு பொருளின் உண்மையான தகுதியைக் காட்டும். அந்த அளவுக்கு அம்பாசிடரும் மதிக்கத்தக்கதே. எனினும், புதிய விடை தந்த வடிவமைப்பு என்னும் பெருமை 2சிவிக்கும் மினிக்குமே உரியது. அம்பாசிடருக்கு உரிய இடம் நாட்டின் வரலாற்றில் உள்ளது.

பட்டறையில் சிறிய மகிழுந்து ஒன்றின் முன்மூடி திறந்திருக்கும்போது உற்று நோக்கினால், பெரும்பாலும் எந்திரம் குறுக்காகப் படுத்திருப்பதைக் காணலாம். 1959இல் கிடைத்த விடை இன்றும் அங்கே பணி செய்துகொண்டிருக்கிறது.

சொற்பொருள்
பங்கீடு – அளவாகப் பிரித்து வழங்குதல்
விழுக்காடு – நூற்றில் ஒரு பகுதி
களைதல் – நீக்குதல்
உரிமம் – அரசு தரும் இசைவு

விடை எழுதுக
1. 2சிவி வண்டிக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகள் யாவை?
2. மினியில் இடம் மிகுதியாகக் கிடைத்தது எவ்வாறு?
3. நீண்ட காலம் நீடித்திருத்தல் மட்டும் ஏன் சிறப்பாகாது?
4. உம் வீட்டிலுள்ள பொருள் ஒன்றை மூன்று வினாக்களால் ஆராய்ந்து ஒரு பத்தி எழுதுக.