பெஞ்ச் பிரஸ் பலம் குத்தில் வந்து சேருமா?

குத்துச்சண்டை பழகும் ஒருவர் பளு தூக்க வேண்டுமா, வேண்டாமா? இந்தக் கேள்வியை அரங்கில் வைத்தால் போதும், வந்திருப்பவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து விடுவார்கள். ஒரு பக்கம் இளையர்கள். “நெஞ்சிலும் தோளிலும் பலம் இல்லாமல் குத்தில் எப்படிப் பலம் வரும்?” என்பது அவர்கள் வாதம். மறுபக்கம் மூத்த பயிற்றுநர்கள். “இரும்பைத் தூக்கினால் உடம்பு இறுகிவிடும், கை மெதுவாகிவிடும்” என்பது அவர்கள் எச்சரிக்கை. இரண்டு பக்கத்திலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி உண்மை என்று தெரியாமல் பழகினால் நட்டம் நம் பிள்ளைகளுக்குத்தான்.

குத்து எங்கே பிறக்கிறது?

பெஞ்ச் பிரஸ் என்பது நீண்ட பலகையில் மல்லாந்து படுத்து, எடை கோத்த கம்பியை நெஞ்சு வரை இறக்கி மேலே தள்ளும் பயிற்சி. நெஞ்சு, முன்தோள், மேற்கையின் பின்புறத் தசை ஆகிய மூன்றும் இதில் உழைக்கின்றன. பார்ப்பதற்குக் குத்து விடுவதைப் போலவே இருக்கும். குழப்பம் தொடங்குவதும் அங்கேதான்.

படுத்துத் தள்ளும்போது முதுகுக்குப் பலகை முட்டுக் கொடுக்கிறது. மேடையில் நிற்கும் வீரருக்கு முதுகுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. அவருக்குள்ள ஒரே பிடிமானம் காலுக்குக் கீழே இருக்கும் தரை. வலது கையால் நேர்க்குத்து விடும்போது பின்னங்கால் தரையை உந்துகிறது, இடுப்பு திரும்புகிறது, உடம்பும் தோளும் அதைத் தொடர்கின்றன. கை நீளுவது கடைசியில்தான். சாட்டையின் நுனி சொடுக்குவதற்கு அடிப்பிடி அசைய வேண்டும் அல்லவா? அது போலத்தான் இதுவும்.

1985-இல் வெளிவந்த சோவியத் ஆய்வு ஒன்று 120 வீரர்களின் குத்தைப் பிரித்துப் பார்த்தது. தேர்ந்த வீரர்களின் நேர்க்குத்தில் காலின் பங்கு ஏறக்குறைய 38 விழுக்காடு, உடம்பின் பங்கு 37 விழுக்காடு, கையின் பங்கு 24 விழுக்காடு. அனுபவம் குறைந்தவர்களிடமோ காலின் பங்கு 17 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. கையின் பங்கு 38 விழுக்காடு. அதாவது, பழகப் பழகக் குத்து கையிலிருந்து காலுக்கு இறங்குகிறது. பெஞ்ச் பிரஸ் வளர்ப்பது அந்தக் கடைசிப் பங்கை மட்டுமே.

2000-ஆம் ஆண்டில் பிரிட்டனில் நடந்த இன்னோர் ஆய்வு குத்தின் விசையை அளந்தது. புதியவர்களின் பின்கைக் குத்து சராசரி 2,381 நியூட்டன். முன்னணி வீரர்களின் குத்து 4,800 நியூட்டன். இரண்டு மடங்கு! இந்த இடைவெளியைக் கைப்பலம் ஒன்றால் மட்டும் விளக்கிவிட முடியாது. கால் ஊன்றும் இடம், இடுப்பு திரும்பும் நேரம், குத்து படும் கணத்தில் மணிக்கட்டும் தோளும் இறுகுவது, இவை எல்லாம் சேர்ந்ததுதான் குத்தின் கனம்.

மூத்தவர்கள் சொன்னது பொய்யா?

முகம்மது அலியை எடுத்துக் கொள்வோம். 1975-இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னரோடு 15 சுற்றுகள் மோதிப் புள்ளிகளில் வென்றவர். அவர் பளு தூக்கி உருவான வீரர் அல்லர். ஓட்டம், கயிறு, மணல் மூட்டை, மேடைப் பயிற்சி, இவைதான் அவருடைய பள்ளிக்கூடம். ஆனால், பென்சில்வேனியாவில் டியர் லேக் என்னும் இடத்தில் இருந்த தம் பயிற்சி முகாமில் அவர் கோடரி எடுத்து மரம் வெட்டினார். கோடரியை ஓங்கி வீசும்போது கால், இடுப்பு, முதுகு, தோள் எல்லாம் ஒன்றாக வேலை செய்கின்றன. இரும்பு வேண்டாம் என்ற அந்தத் தலைமுறை பலப்பயிற்சியை விட்டுவிடவில்லை. அதற்கு வேறு பெயர் வைத்திருந்தது, அவ்வளவுதான்.

இந்த எண்ணத்தை அசைத்துப் பார்த்தவர் மைக்கேல் ஸ்பிங்க்ஸ். 175 பவுண்டு எடைப் பிரிவின் வெற்றியாளரான அவர், 1985 செப்டம்பரில் கனரகப் பிரிவின் லேரி ஹோம்ஸை எதிர்த்தார். ஹோம்ஸ் அதுவரை 48 போட்டிகளில் தோல்வியே காணாதவர். ஸ்பிங்க்ஸைத் தயார் செய்த மேக்கி ஷில்ஸ்டோன், நீண்ட மெதுவோட்டத்துக்குப் பதில் குறுகிய வேக ஓட்டம், எடைப்பயிற்சி, திட்டமிட்ட உணவு என்று முறையை மாற்றினார். சுமார் 200 பவுண்டு எடையோடு மேடையேறிய ஸ்பிங்க்ஸ், தம்மைவிட 20 பவுண்டுக்கு மேல் கனமான ஹோம்ஸைப் புள்ளிகளில் வென்றார். அடுத்து இவாண்டர் ஹோலிஃபீல்ட். எட்டு முறை மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் வென்ற ஆணழகர் லீ ஹேனியிடம் எடைப்பயிற்சி பெற்றுக் கனரகத்துக்கு ஏறி, 1990 அக்டோபரில் பஸ்டர் டக்ளஸை மூன்றாம் சுற்றிலேயே வீழ்த்தினார். தசை வளர்ந்ததால் அவர் கை மெதுவாகிவிடவில்லை.

ஆனால் கதையின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அதே ஸ்பிங்க்ஸ் 1988 ஜூனில் மைக் டைசன் முன்னால் 91 விநாடிகளில் வீழ்ந்தார். எடைப்பயிற்சி ஒருவரைக் கனரக மேடை வரை ஏற்றிவிடலாம். ஏறிய பிறகு அங்கே எதிரில் நிற்பவர் பிறவியிலேயே கனரகக்காரர்.

அப்படியென்றால் பெஞ்ச் பிரஸ் வீணா?

இல்லை. பிரேசில் தேசியக் குழு வீரர்கள், வீராங்கனைகள் 15 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2016-இல் வெளிவந்தது. காலால் உந்தித் தாவும் ஆற்றலும், பெஞ்ச் பிரஸ் கம்பியை வேகமாகத் தள்ளும் ஆற்றலும் குத்தின் விசையோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தன. இங்கே ‘வேகமாக’ என்ற சொல்லைக் கவனியுங்கள்.

ஒரு குத்து கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். தன் உச்ச எடையைத் தூக்குபவர் கம்பியை மேலே கொண்டுபோகச் சில விநாடிகள் கூடப் போராடுவார். அந்தப் பலம் முழுவதும் வெளியே வருவதற்குள் குத்து போய்த் திரும்பியிருக்கும். வங்கியில் லட்சம் வெள்ளி இருந்தும் அவசரத்துக்குக் கையில் எடுக்க முடியாவிட்டால் என்ன பயன்? சேமிப்பும் வேண்டும், நினைத்தவுடன் எடுக்கவும் தெரிய வேண்டும். தவிர, வேகமான குத்தில் தசை தொடக்கத்தில் இறுகி, நடுவில் தளர்ந்து, படும் கணத்தில் மீண்டும் இறுக வேண்டும். எப்போதும் இறுகியே இருக்கும் கை தன்னைத்தானே பிடித்து இழுக்கிறது. மூத்த பயிற்றுநர்கள் அஞ்சியது இந்த இறுக்கத்தைத்தான். அதற்குக் காரணம் இரும்பு அன்று, அதை மட்டுமே நம்பிப் பழகும் முறை.

எடைப் பிரிவு என்னும் கணக்கு

நம் இளையர்கள் மறந்துவிடும் கணக்கு இது. 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டுகளில் மலேசியாவின் சப்போக் பிக்கி தங்கம் வென்றது 48 கிலோ பிரிவில். அதற்கு அடுத்த பிரிவு 51 கிலோ. இடைவெளி மூன்றே கிலோ! பெஞ்ச் பிரஸ் எண்ணிக்கையைக் கூட்டும் ஆசையில் நெஞ்சிலும் கையிலும் அந்த மூன்று கிலோவை ஏற்றிக் கொண்டால் என்ன ஆகும்? ஒன்று, போட்டிக்கு முன் பட்டினி கிடந்து, வியர்வை வடித்து எடையைக் குறைக்க வேண்டும். அல்லது உயரமும் எலும்புக் கனமும் கூடிய எதிராளியின் குத்தைத் தலையில் வாங்க வேண்டும். நெஞ்சுக்குத் தசை கட்டலாம். மூளைக்குக் கட்ட முடியாது. பயிற்சி தவறினால் பதக்கத்தோடு போவதில்லை, உடல்நலமும் போகிறது.

தோளும் கவனிக்கப்பட வேண்டியது. குத்துச்சண்டை வீரர்கள் தோளை முன்னே வளைத்து நிற்பவர்கள். தள்ளும் பயிற்சியை மட்டும் சேர்த்துக் கொண்டே போனால் அந்த வளைவு கூடும், தோள் மூட்டில் வலி வரும். குத்து விட்ட கையைச் சட்டென்று முகத்துக்குத் திருப்பிக் கொண்டு வருவதற்கும் முதுகுத் தசை வேண்டும்.

எப்படிப் பழகலாம்?

முதலில் மேடைப் பாடம், பிறகுதான் எடை. புதிதாகச் சேர்ந்தவருக்குத் தண்டால், பார் தொங்கி ஏறுதல், உட்கார்ந்து எழுதல் போதும். தண்டாலில் தோள்பட்டை எலும்பு தடையின்றி அசைவதால், அது குத்துக்கு இன்னும் நெருக்கமானது.

அடிப்படை வந்த பிறகு வாரம் இரண்டு நாள் எடைப்பயிற்சி. முதலிடம் காலுக்கும் இடுப்புக்கும். அடுத்தது முதுகு. ஒரு முறை தள்ளினால் ஒரு முறையாவது இழுக்க வேண்டும். அதற்குப் பிறகு பெஞ்ச் பிரஸ். ஒரு தடவைக்கு மூன்று முதல் ஐந்து முறை, மூச்சு நன்றாகத் திரும்பும் வரை ஓய்வு, கம்பியை இறக்கும்போது நிதானம், தள்ளும்போது வேகம். எண்ணிக்கை குறைவாகவும் உணவு அளவாகவும் இருந்தால் உடல் எடை அதிகம் ஏறாமலே பலம் கூடும். இதனுடன் கனமான பந்தை இடுப்பைத் திருப்பிச் சுவரில் எறியும் பயிற்சியைச் சேர்த்தால், சேர்த்த பலம் வேகமாக வெளியே வரப் பழகும். ஜோடிச் சண்டை உள்ள நாளில், அதற்கு முன்பு பளு வேண்டாம். போட்டி வாரத்தில் குறைத்துக் கொள்ளுங்கள். பின்னால் நின்று கம்பியைப் பிடிக்க ஆள் இல்லாமல் பெஞ்ச் பிரஸ் செய்யவே கூடாது.

“பளு தூக்கினால் பிள்ளை வளராமல் போய்விடுவானா?” என்று பெற்றோர் கேட்பதுண்டு. தகுதியுள்ள பயிற்றுநர் மேற்பார்வையில், அளவான எடையில் செய்யும் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதில்லை. ஆபத்து எல்லாம் நண்பர்கள் முன்னால் போட்டி போட்டுத் தூக்குவதில்தான்.

ஆகவே பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ குத்துச்சண்டை பழகினால், “எத்தனை கிலோ தூக்கினாய்?” என்று கேட்காதீர்கள். “கடைசிச் சுற்றிலும் கால் ஊன்றிக் குத்த முடிந்ததா? குத்திய கை உடனே முகத்துக்குத் திரும்பியதா?” என்று கேளுங்கள். அந்த இரண்டு கேள்விக்கும் ‘ஆம்’ என்று பதில் வந்தால், எடைப்பயிற்சி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று பொருள்.