“ஆமீன்” என்ற சொல் கோர்ட்டு ஏறிய கதை

திருத்தணி என்றால் முருகன் மலைதான் முதலில் நினைவுக்கு வரும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் மலை ஏறும் ஊர். ஆந்திர எல்லை பக்கத்தில்தான். சித்தூர் ஜில்லாவில் இருந்த இந்த ஊர், 1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. தமிழ், தெலுங்கு, உருது மூன்றும் கடைவீதியில் கலந்து கேட்கும்.

முஸ்லிம் குடும்பங்களும் இங்கே வாழ்கின்றன. ஆற்காடு, வேலூர், ஆம்பூர் பக்கத்து முஸ்லிம்களில் பெரும்பாலோர் “ஹனபி” முறைப்படி தொழுகிறவர்கள். தெற்கே காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் “ஷாபி” முறை.

காயல்பட்டினத்து வியாபாரி ஒருவர் இந்தப் பக்கம் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொழுது சாய்கிறது. மஃரிபு பாங்கு கேட்கிறது. பள்ளிவாசலுக்குள் போகிறார்.

தோளோடு தோள்

இமாம் முன்னே நிற்கிறார். பின்னால் எல்லோரும் தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நிற்கிறார்கள். முதலாளி, கூலிக்காரர் என்று தனி இடம் கிடையாது. எல்லோர் முகமும் மக்கா இருக்கும் திசையில்.

பக்கத்தில் நிற்பவர் தொப்புளுக்குக் கீழே கை கட்டியிருக்கிறார். வியாபாரி கட்டியிருப்பது நெஞ்சுக்குக் கீழே, தொப்புளுக்கு மேலே. குனியும்போதும் நிமிரும்போதும் வியாபாரி கைகளைத் தோள்வரை உயர்த்துகிறார். பக்கத்துக்காரர் உயர்த்துவதில்லை. இமாம் பாத்திஹா ஓதி முடித்ததும் வியாபாரி “ஆமீன்” என்று வாய்விட்டுச் சொல்கிறார். “இறைவா, ஏற்றுக்கொள்” என்று அதற்குப் பொருள். பக்கத்துக்காரரும் அதையே சொல்கிறார். ஆனால் சத்தம் வெளியே வராது.

இரண்டுமே ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பழக்கங்கள். இமாம் அபூஹனீபா 767-ல் காலமானார். அதே ஆண்டில்தான் இமாம் ஷாபி பிறந்தார். நபிகள் நாயகம் எப்படித் தொழுதார் என்ற செய்திகளைத்தான் இருவரும் ஆராய்ந்தார்கள். முடிவுதான் வேறாயிற்று.

காசியில் தகராறு

வட நாட்டில் வேறு ஒரு பிரிவினரும் உண்டு. எந்த இமாமையும் பின்பற்றாமல் நபிமொழியை நேராகப் பார்த்து நடப்போம் என்பவர்கள். அவர்களும் ஆமீனை உரக்கச் சொல்வார்கள். போன நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இதனால் பல ஊர்களில் சச்சரவு மூண்டது.

காசியில் ஒரு பள்ளிவாசல். அங்கே உரக்க ஆமீன் சொன்ன ரம்ஜான் முதலியோர் மீது கிரிமினல் வழக்கு வந்தது. தொழுகையைக் கலைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. கீழ்க்கோர்ட்டு தண்டித்துவிட்டது! 1885-ல் வழக்கு அலகாபாத் ஐகோர்ட்டுக்குப் போயிற்று.

அங்கே நீதிபதி சையது மஹ்மூது இருந்தார். அலிகாரில் கல்லூரி கண்ட சர் சையது அகமது கானின் மகன். உடன் அமர்ந்தவர்கள் வெள்ளைக்கார நீதிபதிகள். மஹ்மூது அரபு நூல்களைப் புரட்டினார். உரக்கவா, மெதுவாகவா என்பதில்தான் இமாம்களுக்குள் பேதம். உரக்கச் சொன்னால் தொழுகை கெட்டுவிடும் என்று எவரும் சொல்லவில்லை என்று விரிவாக எழுதினார்.

1889-ல் அதே ஐகோர்ட்டு இன்னும் தெளிவாகச் சொன்னது. பள்ளிவாசல் ஒரு பிரிவாருக்கு மட்டும் சொந்தமல்ல. முஸ்லிம் எவரும் அங்கே தொழலாம். தம் நம்பிக்கைப்படி ஆமீனை உரக்கவும் சொல்லலாம். ஆனால், பிறரைத் தொந்தரவு செய்யும் கெட்ட எண்ணத்தோடு சத்தம் போட்டால் அது குற்றம். கெட்டிக்காரத் தீர்ப்பு! குரலை அளக்காமல் எண்ணத்தை அளந்தது.

பாக்தாதில் இமாம் ஷாபி

கோர்ட்டு இல்லாமலே இது தீர்ந்ததும் உண்டு. விடியற்காலைத் தொழுகையில் ஷாபிகள் “குனூத்” என்ற பிரார்த்தனை ஓதுவார்கள். ஹனபிகள் அந்த வேளையில் ஓதுவதில்லை. இமாம் ஷாபி ஒருமுறை பாக்தாதில், அபூஹனீபாவின் அடக்கத்தலம் அருகே அந்தத் தொழுகையைத் தொழுதார். அந்தப் பெரியவரிடம் வைத்த மரியாதையால் அன்று அவர் குனூத் ஓதவில்லை என்று வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள்.

வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸா ஹனபி வட்டாரத்தில் இருக்கிறது. அங்கே கேரளத்து ஷாபி மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக வந்து ஓதியிருக்கிறார்கள்.

வேலூர்க்காரர் ஒருவர் காயல்பட்டினம் போனால்? விடியற்காலையில் இமாம் குனூத் ஓதுகிறார். சுற்றிலும் எல்லோரும் கையேந்தி ஆமீன் சொல்கிறார்கள். இவர் கைகளைத் தொங்கவிட்டு, பேசாமல் நிற்கிறார். ஓதி முடிந்து இமாம் ஸஜ்தாவுக்குப் போனதும், அவரோடு சேர்ந்து இவரும் நெற்றியைத் தரையில் வைக்கிறார்.